மலை பக்கத்தில்தானே இருக்கிறது

பொள்ளாச்சி, கோவை, திருப்பூர், உடுமலைப் பக்கமிருந்து வாராவாரம் ஆனைமலை ஏறும் கேமரா நண்பர்களுக்கு,



தை பிறந்தால் நம் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "இந்த வருஷம் இருவாச்சிக் கூடு எங்கேங்க?" அதற்கு யாராவது லொகேஷன் அனுப்புவதற்கு முன்னால் இந்த மடல் உங்கள் கண்ணில் பட வேண்டும் என்றுதான் மார்கழிக் குளிரில் எழுத உட்கார்ந்தேன். நானும் பொள்ளாச்சிக்காரன்தான். வாரம் முழுக்க வேறு பிழைப்பு, ஞாயிற்றுக்கிழமை மலை. உங்களில் பலரை முகம் தெரியும். சிலரை லென்ஸை வைத்தே அடையாளம் தெரியும். வெளியூர் ஆள் எவனோ வந்து உபதேசம் பண்ணுகிறான் என்று நினைத்துவிடாதீர்கள்.

நமக்கு வாய்த்த பாக்கியத்தை நாமே மறந்துவிடுகிறோம். பொள்ளாச்சியிலிருந்து வால்பாறை 64 கிலோமீட்டர். விடிய எழுந்து கிளம்பினால் நாற்பது கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி முடித்துக் காலைச் சாப்பாட்டுக்கு மேலே போய்விடலாம். மும்பையிலிருந்தோ டெல்லியிலிருந்தோ விடுப்பு எடுத்து வருகிறவருக்குக் கையில் இரண்டு நாள்தான். அதற்குள் இருவாச்சி, சிங்கவால் குரங்கு, வரையாடு மூன்றும் மெமரி கார்டில் ஏறியாக வேண்டும். அவசரப்படுவார், ஜீப் டிரைவரை நச்சரிப்பார், கிட்டே கிட்டே போவார். சரியென்று சொல்லவில்லை, காரணம் புரிகிறது. நமக்கு என்ன அவசரம்? இன்று கிடைக்காத படம் அடுத்த ஞாயிறு கிடைக்கும். இந்தப் பங்குனியில் கிடைக்காதது அடுத்த பங்குனியில் கிடைக்கும். மலைக்கு அடியிலேயே குடியிருந்துகொண்டு, ஒரே நாளில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு போக வந்தவர்களைப் போல நாம் படம் எடுக்கிறோம். எனக்கு உறுத்துவது இதுதான். எதைப் பற்றி எழுத ஆரம்பித்தாலும் இங்கேதான் வந்து நிற்பேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் இருவாச்சி. புதிதாக வந்தவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். பெரிய இருவாச்சி தானாகப் பொந்து குடையாது. பழைய பெருமரத்தில் கிளை முறிந்தோ உள்ளே உளுத்தோ உண்டான பொந்தைத் தேடிப் பிடிக்கும். பெண் உள்ளே போய் உட்கார்ந்து, தன் எச்சத்தையும் பழச் சக்கையையும் குழைத்து வாசலைப் பூசி அடைத்துக்கொள்ளும். அலகு நுழையும் அளவுக்கு ஒரு கீறல்தான் மிச்சம். உள்ளே இருக்கும் காலத்தில் அதன் இறக்கை இறகுகள் உதிர்ந்து புதிதாக முளைக்கும். அவசரத்துக்கு வெளியே பறந்து வரவும் முடியாது. பல வாரங்களுக்கு அதற்கும், பிறகு பொரித்த குஞ்சுக்கும் சோறு என்றால் ஆண் கொண்டுவருவதுதான். ஆல், அத்தி போன்ற மரங்களின் பழங்களைத் தொண்டை நிறைய நிரப்பிக்கொண்டு வந்து, பொந்தின் வாயில் தொற்றிக்கொண்டு, ஒவ்வொன்றாகக் கக்கி, அலகின் நுனியில் பிடித்துக் கீறலுக்குள் நீட்டும். பார்க்கப் பார்க்க அலுக்காது. நம் ஆட்கள் கூட்டு மரத்தை மொய்ப்பதற்குக் காரணமும் இதுவே. ஆண் திரும்பத் திரும்ப ஒரே இடத்துக்கு வந்தாக வேண்டும். ஃபோகஸைப் பூட்டிவிட்டு உட்கார்ந்திருந்தால் போதும், படம் தானாக விழும்.

சென்ற பங்குனியில் ஒரு காப்பித் தோட்டத்து ஓரம். எந்தத் தோட்டம் என்று கேட்காதீர்கள். மரத்துக்கு எதிரே முக்காலிகள் வரிசை, பச்சைப் புள்ளித் துணி சுற்றிய பெரிய லென்ஸ்கள், பின்னால் என்ஜினை அணைக்காமல் நிற்கும் ஜீப். ஆண் வந்தான். கூட்டுக்கு வரவில்லை, சரிவுக்கு அந்தப் பக்கம் ஒரு மொட்டைக் கிளையில் இறங்கினான். பைனாகுலரில் பார்த்தால் தொண்டை புடைத்திருந்தது. தலையை ஒருக்களித்துக் கூட்டைப் பார்ப்பான், கீழே ஆட்களைப் பார்ப்பான், கிளையில் இரண்டு எட்டு நகர்வான், திரும்பவும் பார்ப்பான். ஒரு பழத்தைக் கக்கி அலகு நுனிக்குக் கொண்டுவந்து, என்ன நினைத்தானோ, மறுபடி விழுங்கிக்கொண்டான். கீழே ஒருவர் போனில் ரீல்ஸ் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார். தோட்டத்து வாட்ச்மேன் என்னருகே வந்து, பொதுவாகச் சொல்வதுபோலச் சொன்னார்: "அவன் வரமாட்டான் சார். நீங்கல்லாம் போனாத்தான் வருவான்." யாரும் நகரவில்லை. கடைசியில் அவன்தான் போனான், பழம் தொண்டையிலேயே இருக்க.

ஒரு வேளைச் சோறு தவறினால் என்ன குடி முழுகிவிடும் என்று கேட்பீர்கள். ஒரு வேளையோடு நின்றால் பரவாயில்லை. காலையில் நாம், மதியம் இன்னொரு ஜீப், மறுநாள் பெங்களூர்க் குழு. அடைபட்ட பொந்துக்குள் இருக்கிற தாய்க்கு இதெல்லாம் யார் யார் முறை என்று தெரியாது; பசி மட்டும்தான் தெரியும். ஒவ்வொருவரும் "நான் அரை மணி நேரம்தான் நின்றேன்" என்று சொல்வது உண்மையாகவே இருக்கலாம். அந்த அரை மணிகளைக் கூட்டிப் பார்க்கத்தான் ஆளில்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்பதையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். 1972ஆம் ஆண்டு வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் வேட்டை என்பதற்கு வரையறை சொல்லும் இடத்தில் துப்பாக்கியோடும் கண்ணியோடும் நின்றுவிடவில்லை. விலங்கை விரட்டுவதும், இரை வைத்து வரவழைப்பதும் வேட்டைக் கணக்கில் சேரும். காட்டுப் பறவையின் கூட்டையோ முட்டையையோ தொந்தரவு செய்வதும் சேரும். அதே சட்டத்தின் 28ஆம் பிரிவு, சரணாலயத்துக்குள் நுழைய எதற்கெல்லாம் அனுமதி தரலாம் என்று சொல்லும்போது புகைப்படம் எடுப்பதைப் பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 2022 திருத்தம் அதோடு வாழிடத்துக்கும் உயிர்களுக்கும் கெடுதல் வராமல் என்ற நிபந்தனையையும் சேர்த்துவிட்டது. ஆக, கையில் துப்பாக்கி இல்லை, கேமராதானே என்ற சமாதானம் சட்டத்தின் முன் செல்லாது. இதை உங்களைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. கூட்டு மரத்தடியில் நம்மை யாரும் பிடித்ததில்லை, இனியும் எளிதில் பிடிக்கப்போவதில்லை. பிடிபடாத இடத்தில் என்ன செய்கிறோம் என்பது நம் பொறுப்பு, அவ்வளவுதான்.

மலைக்கு அந்தப் பக்கம், வால்பாறையிலிருந்து சாலக்குடி இறங்கும் வழியில் வாழச்சால் காடு. அங்கே காடர் சமூகத்து மக்கள் இருவாச்சிக் கூடுகளைப் பல வருடங்களாகக் கண்காணித்துக் காத்து வருகிறார்கள். எந்த மரத்தில் எப்போது பெண் உள்ளே போனது, எப்போது வெளியே வந்தது என்று அவர்களிடம் கணக்கு இருக்கிறது. ஒரு தலைமுறைக்கு முன்னால் குஞ்சுக்காக அதே மரங்களில் ஏறியவர்களும் அவர்களுக்குள் உண்டு. நாமோ படித்தவர்கள், இருவாச்சி படம் போட்ட டி-ஷர்ட் அணிந்தவர்கள். மரத்தின் இருப்பிடத்தை ஒரே தட்டலில் ஊருக்கெல்லாம் அனுப்புகிறோம்.

அது போகட்டும், நாம் அனுப்பவே வேண்டாம், படமே அனுப்பிவிடும். போனில் எடுத்த படத்தில், லொகேஷன் திறந்திருந்தால், அட்சரேகை தீர்க்கரேகை உள்ளேயே பதிந்திருக்கும். அந்தக் கோப்பை அப்படியே ஒருவருக்கு அனுப்பினால் மரத்தடிக்கே வழி காட்டும். தலைப்பில் "ஆனைமலை" என்று போட்டாலே போதும். தோட்டத்தின் பெயர், வளைவின் எண், கோயிலுக்குப் பின்புறம் என்ற அடையாளமெல்லாம் எதற்கு? தவளைவாயன் ஜோடி பகலில் அசையாமல் உட்கார்ந்து தூங்கும் கிளை, தீக்காக்கை வந்துபோகும் மூங்கில் புதர், இவையெல்லாம் தெரிந்தவர்களிடமே இருக்கட்டும்.

இன்னொன்று, கூவலைப் போனில் ஒலிக்கவிட்டுப் பறவையை வரவழைப்பது. புளூடூத் ஸ்பீக்கரை இலைக்குள் மறைத்துவைக்கும் கைவேலை வரை வந்துவிட்டோம். பாட்டைக் கேட்டு ஆசையாக வந்து உட்கார்ந்து போஸ் கொடுக்கிறது என்று நினைக்கிறோம். அது சண்டைக்கு வருகிறது. தன் இடத்துக்குள் அந்நியன் நுழைந்துவிட்டான் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு வந்து, யாரையும் காணாமல் புதருக்குப் புதர் தாவுகிறது. அந்த நேரத்தில் அதற்குத் தின்ன வேண்டியதும் குஞ்சைப் பார்க்க வேண்டியதும் நின்றுபோகிறது. ரீல்ஸில் "பாடும் அழகு" என்று நாம் போடுவது பெரும்பாலும் அதன் கோபம்.

இப்படி அடுக்கிக்கொண்டே போனால் படமே எடுக்கக் கூடாது என்கிறானா என்று தோன்றும். இல்லை. நன்றாக எடுக்கலாம் என்கிறேன். நம் முன்னோடி ஒருவரைச் சொல்கிறேன். மா. கிருஷ்ணன், நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன். 1912இல் பிறந்தவர். வெவ்வேறு கேமராக்களின் பாகங்களைச் சேர்த்துத் தானே ஒரு கருவியைக் கட்டிக்கொண்டு, அதற்கு 'சூப்பர் பாண்டரோசா' என்று வேடிக்கையாகப் பெயர் வைத்து, கறுப்பு வெள்ளையிலேயே காலம் முழுக்க எடுத்தவர். முதுமலை, ஆனைமலைக் காடுகளையெல்லாம் நடந்தும் கும்கி மேல் ஏறியும் பார்த்தவர். 'ஸ்டேட்ஸ்மன்' இதழில் 1950 முதல் 1996இல் இறக்கும்வரை விடாமல் பத்தி எழுதினார். அந்தப் பத்திகளைப் புரட்டினால் யானைக்கும் காட்டெருமைக்கும் கொடுத்த மரியாதையை அணிலுக்கும் காகத்துக்கும் ஓணானுக்கும் கொடுத்திருப்பார். கையில் நம்மைப் போல நொடிக்கு முப்பது படம் அடிக்கிற கருவி கிடையாது. பார்த்துக்கொண்டே இருந்தார், அவ்வளவுதான். நம் தலைமுறையில் கேமராவின் வேகம் கூடக் கூடப் பார்க்கிற நேரம் குறைந்துவிட்டது. என் அபிப்பிராயம் இது, மறுக்கலாம்.

வரையாட்டுக்கு வருவோம். நம் மாநில விலங்கு. நமக்கு அதைப் பார்க்க நாலு நாள் மலையேறத் தேவையில்லை. லோம்ஸ் வியூ இருக்கும் ஒன்பதாவது வளைவு தொட்டு அட்டகட்டி வரை சாலையோரப் பாறைகளிலேயே நிற்கும். கீழே ஆழியாறு அணை, பக்கத்தில் நூறடிக்குச் செங்குத்தான பாறை, அதில் குட்டியோடு ஒரு பெட்டை. இப்படி ஒரு வாய்ப்பு உலகத்தில் வேறெந்த ஊர்க்காரனுக்கும் இவ்வளவு சுலபத்தில் இல்லை. இந்த ஆடு மேற்குத் தொடர்ச்சி மலையின் தென்பகுதியை விட்டால் உலகில் வேறெங்கும் கிடையாது. 1975இல் குன்னூர் வழக்கறிஞர் ஈ.ஆர்.சி. டேவிதார் மலை மலையாக அலைந்து வரையாட்டைப் பற்றிய முன்னோடி ஆய்வுகளில் ஒன்றைச் செய்தார். அவர் நினைவாகத்தான் அக்டோபர் 7 வரையாடு தினம். 2023 அக்டோபரில் அரசு வரையாடு திட்டத்தைத் தொடங்கியது. 2024 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் 1,031 என்றார்கள், 2025இல் 1,303. ஒரே வருடத்தில் அத்தனையும் பிறந்துவிட்டதாகக் கொள்ள வேண்டாம். இரண்டாம் முறை தேடிய பரப்பும் கூடியது. எப்படிப் பார்த்தாலும் நம் ஊர்க் கல்யாண மண்டபம் ஒன்றில் அடங்கிவிடுகிற கூட்டம்தான் மாநிலம் முழுக்க.

இந்த ஆட்டைச் சாலையோரத்தில் வளைத்துக்கொண்டு, பிஸ்கட்டை நீட்டி, செல்ஃபிக்கு முகம் திருப்ப வைப்பதை நீங்கள் செய்வதில்லை, தெரியும். ஆனால் அப்படிச் செய்கிறவர்கள் இழுத்து வைத்த ஆட்டைத்தான் நாம் எட்டு அடியிலிருந்து எடுத்துவிட்டு "வைல்ட்" என்று போடுகிறோம். சாலைக்குப் பழகிய ஆடு வண்டியில் அடிபடும். தை, மாசி குட்டி ஈனும் காலம். கேரளத்தில் இரவிகுளம் பூங்காவை இதற்காகவே ஒவ்வொரு வருடமும் அடைத்துவைக்கிறார்கள். நம் சாலையை அடைக்க முடியாது. நாமாக வண்டியை ஓரங்கட்டி, என்ஜினை அணைத்து, கதவைத் திறக்காமல் ஜன்னலில் மணல் பையை வைத்து எடுக்கலாம். வண்டி ஒரு நல்ல மறைவிடம். இறங்கினால்தான் ஆட்டுக்கு நாம் மனிதர்களாகிறோம்.

அந்தப் பாறையில் ஆட்டைச் சட்டம் நிறைய அடைக்காமல், நூறு மில்லிமீட்டர் லென்ஸில் சின்னதாக வைத்துப் பாருங்கள். பாறையின் சரிவு, அதில் ஆடு கால் வைத்திருக்கும் விளிம்பு, பின்னால் அணை நீர். ஆட்டின் வாழ்க்கை அதில்தான் இருக்கிறது. 600 மில்லிமீட்டரில் கண்ணும் கொம்பும் எடுத்தால் மிருகக்காட்சிசாலையில் எடுத்ததற்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாது. போட்டி நடுவர்களே இப்போது சூழலோடு இருக்கிற படங்களைத் தேட ஆரம்பித்துவிட்டார்கள். கூட்டுப் படங்களை வாங்குவதே இல்லை என்று விதி வைத்த போட்டிகளும் உண்டு.

வால்பாறைக்கு அருகே புதுத்தோட்டம். தேயிலைக்கும் காப்பிக்கும் நடுவே தீவுபோல மிஞ்சிய சின்னக் காடு, அதில் சிங்கவால் குரங்குகள். எத்தனை முறை போனாலும் அலுக்காத இடம் என்றால் எனக்கு அதுதான். உடம்பு கருகரு, முகத்தைச் சுற்றி வெள்ளிப் பிடரி. எடுக்கக் கஷ்டமான பிராணி. கறுப்பு உருவம் சட்டத்தை அடைத்தால் கேமரா இருட்டு என்று எண்ணி வெளிச்சத்தைத் தானாகக் கூட்டிவிடும். கறுப்பு சாம்பலாகி, பிடரி வெளுத்துப்போகும். முக்கால் ஸ்டாப் குறைத்து வையுங்கள். குரங்கு உச்சாணிக் கிளையில், பின்னால் வெள்ளை வானம் என்றால் கதை தலைகீழ், ஒன்றரை ஸ்டாப் கூட்ட வேண்டும். மூடுபனி இறங்கினாலும் கூட்டத்தான் வேண்டும், இல்லாவிட்டால் பனி அழுக்குச் சாம்பலாக வரும். ஐஎஸ்ஓ 3200க்கும் 6400க்கும் பயப்படாதீர்கள். புள்ளி தெரிகிற கூர்மையான படம், புள்ளி இல்லாத ஆடிப்போன படத்தைவிட மேல். ஃபிளாஷ் மட்டும் வேண்டாம்.

இந்தக் குரங்கு மரத்திலேயே வாழ்ந்து மரத்திலேயே சாகப் பிறந்தது. காடு துண்டான பிறகு சாலையைக் கடக்கக் கீழே இறங்க வேண்டியதாயிற்று. வண்டிகளில் அடிபட்டுச் செத்தன. வனத்துறையும் இயற்கைப் பாதுகாப்பு அமைப்பான என்.சி.எஃப்.பும் சேர்ந்து சாலைக்கு மேலே மரத்துக்கு மரம் தொங்குபாலங்கள் கட்டினார்கள். ஒரு நாள் காலை அவற்றில் ஒன்றில் ஒரு தாய் கடந்தது. வயிற்றில் குட்டி ஒன்று தொங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஈற்று, இரண்டு வயது இருக்கும், பாலத்தின் முனையில் நின்றுவிட்டது. ஒரு கையை வைத்தது, எடுத்தது. கீழே பஸ் ஹாரன். தாய் பாதியில் நின்று திரும்பிப் பார்த்தது, குரல் கொடுக்கவில்லை, பார்த்தது மட்டும்தான். குட்டி வயிற்றைப் பாலத்தில் ஒட்டிக்கொண்டு ஊர்ந்தே போய்ச் சேர்ந்தது. அதைப் படமெடுத்தேன். சட்டத்தில் பாலம், குரங்கு, கீழே அரசுப் பேருந்தின் கூரை, மின்கம்பி எல்லாம் இருக்கின்றன. சுத்தமான பின்னணி கிடையாது. போட்டிக்கு அனுப்பினால் முதல் சுற்றிலேயே தள்ளிவிடுவார்கள். வால்பாறையை ஒரே படத்தில் காட்டச் சொன்னால் நான் அதைத்தான் காட்டுவேன்.

இங்கே ஒரு வார்த்தை, இயற்கை அழகு என்று நாம் தலைப்பிடும் பச்சைப் படங்களைப் பற்றி. தேயிலைச் சரிவு, நடுவே வளைந்து போகும் பாதை, சில்வர் ஓக் மரங்களுக்குள் மூடுபனி. அழகுதான், நானும் எடுக்கிறேன். ஆனால் அது மனிதன் வைத்த தோட்டம். 1890களில் கார்வர் மார்ஷ் போன்ற வெள்ளைக்காரத் தோட்டக்காரர்கள் வந்து மழைக்காட்டை வெட்டிச் சாய்த்த இடம். அவர் சிலை கவர்க்கல்லில் நிற்கிறது. அந்தச் சரிவில் குனிந்து கொழுந்தெடுக்கிற பெண்களின் பாட்டன் பாட்டிகளைத் தெற்குச் சீமையிலிருந்து கங்காணிகள் கூட்டி வந்தார்கள். தேயிலைப் பச்சைக்கு நடுவே திட்டுத் திட்டாக, ஒழுங்கில்லாமல், பல பச்சையாகத் தெரிகிறதே, அதுதான் மிஞ்சிய காடு. ஆய்வாளர்கள் திவ்யா முத்தப்பாவும் டி.ஆர். சங்கர் ராமனும் தோட்டக் கம்பெனிகளோடு பேசி, 2000த்தை ஒட்டிய ஆண்டுகளிலிருந்து அந்தத் திட்டுகளில் காட்டு மரக் கன்றுகளை நட்டு வருகிறார்கள். கன்று மரமாவதைப் படமெடுக்க வெளியூர்க்காரரால் முடியாது. வருடத்துக்கு இரண்டு முறை அதே இடத்தில் நின்று எடுக்க, பக்கத்தில் குடியிருப்பவன் வேண்டும்.

மழைக்கால இரவு நடை இப்போது நம்மிடையே பரவிவருகிறது. தவளை, பச்சைக் குழிவிரியன், மேக்ரோ லென்ஸ், ரிங் லைட். எனக்கு இதில் அனுபவம் குறைவு, சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். தவளையைக் கையில் எடுத்து அழகான இலைக்கு மாற்றாதீர்கள். அதன் தோலே மூச்சு விடுவது, நம் கையில் இருக்கும் உப்பும் கொசு மருந்தும் அதற்கு விஷம். கட்டையைப் புரட்டித் தேடாதீர்கள். கேரளத்தின் மதிகெட்டான் சோலையில், கறுப்பு உடம்பில் நீலப் புள்ளி மின்னும் கேலக்ஸி தவளைகள் இருந்த இடத்தைப் படமெடுக்க வந்தவர்கள் புரட்டிப் போட்டுவிட்டதாகவும், பிறகு அங்கே தவளைகளைக் காணவில்லை என்றும் ஆய்வாளர் ஒருவர் பதிவு செய்ததைச் செய்தியில் படித்திருப்பீர்கள்.

யானையைப் பற்றி எழுதாமல் ஆனைமலை மடல் முடியாது. வால்பாறையில் யானைக்கும் மனிதருக்கும் ஒரே வழிதான், ஒரே தோட்டம்தான். ஆய்வாளர் ஆனந்தகுமாரின் குழுவினர் 2011 முதல் நடத்திவரும் எச்சரிக்கை ஏற்பாடு பற்றி உங்களுக்குத் தெரிந்திருக்கும்: யானை எந்தத் தோட்டத்தில் நிற்கிறது என்று உள்ளூர் மக்களின் போனுக்கு எஸ்எம்எஸ் போகும், முக்கிய இடங்களில் சிவப்பு விளக்கு எரியும். வேலை முடிந்து லைன் வீட்டுக்கு நடந்து போகிற அம்மா அந்த விளக்கைப் பார்த்து வேறு பாதை பிடிப்பார். இந்த ஏற்பாட்டுக்காக ஆனந்தகுமாருக்கு 2015இல் விட்லி விருது கிடைத்தது. கவனியுங்கள், ஆளை யானையிடமிருந்து விலக்கக் கட்டிய ஏற்பாடு அது. அந்தச் சிவப்பு விளக்கைக் கண்டதும் "மாப்ளே, யானை இருக்கு" என்று வண்டியைத் திருப்பிக்கொண்டு போகும் நண்பர்கள் நம்மில் உண்டு.

2025 பிப்ரவரியில் வால்பாறைச் சாலையில் யானை நிற்க, மற்ற வண்டிகள் ஒதுங்கி நிற்க, கடந்துவிடலாம் என்று பைக்கில் போன வெளிநாட்டுப் பயணி ஒருவர் தாக்கப்பட்டு இறந்தார். அவர் படமெடுக்கப் போகவில்லை, அவசரமாகப் போனார். நாம் மிரட்டிவிட்டு வந்த யானை அடுத்ததாகச் சந்திப்பது நம்மை அல்ல. நாம் அதற்குள் பொள்ளாச்சி இறங்கி டின்னருக்கு உட்கார்ந்திருப்போம். அது சந்திப்பது ரேஷன் கடைக்குப் போய்த் திரும்புகிற யாரையாவது. கொழுந்தெடுக்கும் ஒரு அக்கா என்னிடம் கேட்டார்: "தம்பி, அதப் போட்டோ புடிச்சு என்ன பண்ணுவீங்க? நாங்க அத வராம இருக்கச் சொல்லி மாரியாத்தாவ வேண்டிக்கிறோம்." என்ன சொல்வது? கூடவே அவரே சொன்னார், பிள்ளைகள் பார்க்க ஒரு நல்ல யானைப் படம் அச்சுப்போட்டுத் தரச் சொல்லி. கொண்டுபோய்க் கொடுத்தேன். லைன் வீட்டுச் சுவரில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறார்.

அதிலிருந்து எனக்கு ஒரு யோசனை. நம்மில் யாருடைய படத்தையும் வால்பாறையில் இருப்பவர்கள் பார்த்ததில்லை. இன்ஸ்டாகிராமில் லைக் போடுகிறவர்கள் எல்லாம் வேறு ஊர். வருகிற வருடம் நாம் கூடி ஒன்று செய்யலாம். ஆளுக்கு ஓர் இடம். ஒன்பதாவது வளைவை ஒருவர், கூழாங்கல் ஆற்றை ஒருவர், ஐயர்பாடிச் சரிவை ஒருவர், நல்லமுடிப் பூஞ்சோலைக் காட்சிமுனையை ஒருவர். மாதம் ஒருமுறை அதே இடம், அதே லென்ஸ், என்ன கிடைக்கிறதோ அது. ஆடியில் ஒன்றுமே தெரியாது, வெறும் பனி, அதையும் எடுங்கள். அத்தி பழுத்தால் எழுதி வையுங்கள், ஓடை வற்றினால் எழுதி வையுங்கள். சாலையை அகலப்படுத்தினால், மரம் சாய்ந்தால், புது ரிசார்ட் முளைத்தால் அதுவும் சட்டத்துக்குள் வரட்டும். வருடம் முடிந்ததும் பொள்ளாச்சியில் ஒரு கண்காட்சி, அதற்கு முன் வால்பாறையில் ஒன்று. மழை, அட்டை, லென்ஸில் பூஞ்சணம் இவற்றுக்கெல்லாம் தயாராக இருப்பவர்கள் வாருங்கள். சிலிக்கா ஜெல் பொட்டலம் நான் வாங்கித் தருகிறேன்.

புலியும் சிறுத்தையும் செந்நாயும் இதில் கிடைக்காமல் போகலாம். ஆனால் காத்திருந்து எடுக்கும் பழக்கம் வரும், அது நமக்குத் தேவைப்படும்: 2030இல் மலைகளில் குறிஞ்சி பூக்கும். 2018இல் பூத்தபோது கொடைக்கானலிலும் மூணாறிலும் கூட்டம் அலைமோதியது நினைவிருக்கும். அந்த முறை நாம் பூவுக்குள் இறங்கி நிற்காத ஊர்க்காரர்களாக இருக்க, பழக்கத்தை இப்போதே ஆரம்பிக்க வேண்டும்.

கூட்டு மரம் பற்றி மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். தை முதல் சித்திரை முடிய கூட்டு மரத்தடிக்குப் போவதில்லை, போகிறவருக்கு வழி சொல்வதில்லை, வந்த படத்துக்கு லைக் போடுவதில்லை என்று நம் குழுக்கள் ஒவ்வொன்றும் தனித்தனியே முடிவெடுத்துப் போடட்டும். இருவாச்சி வேண்டுமென்றால் பழுத்த அத்தி மரத்துக்கு எதிர்ச் சரிவில் உட்காருங்கள். அங்கே அது விருந்துக்கு வருகிறது. நாம் எதிர்ச் சரிவில் இருந்தால் பொருட்படுத்தாது. வானத்தில் பறக்கும்போது இறக்கையடிக்கும் சத்தம் முதலில் வரும், கேமராவைத் தூக்க நேரம் இருக்கும்.

மாற்றுக் கருத்து உள்ளவர்கள் இந்த இதழுக்கே எழுதுங்கள், திட்டியும் எழுதலாம். அதற்கு முன் இன்றைக்கே முடிகிற காரியம் ஒன்று இருக்கிறது: உங்கள் பக்கத்தில் ஏற்கெனவே ஏற்றிவைத்த கூட்டுப் படங்களைத் திறந்து, தோட்டத்துப் பெயரையும் லொகேஷனையும் அழித்துவிடுங்கள். மரம் அதேதான், இந்தத் தையிலும் இருவாச்சி அதே பொந்துக்குத்தான் வரப்போகிறது.

அன்புடன்,
பொள்ளாச்சியிலிருந்து உங்களில் ஒருவன்